எல்லையைக் காப்பவனுக்கு ஒரு கூரை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணித மாணவன்)

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது மற்றொன்று. முன்னது வீட்டின் தேவையைச் சொல்கிறது. பின்னது அதன் அருமையைச் சொல்கிறது. இவ்விரண்டு பழமொழிகளுக்கும் நடுவில் நின்று தவிக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். அவற்றுள் ஒரு வகையினரைப் பற்றி மட்டும் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். அவர்கள் நாட்டின் எல்லையைக் காக்கும் படைவீரர்கள். இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அண்ணன் ஒரு சிப்பாய்.

என் தந்தையார் நம் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் கூலி வேலை செய்பவர். களிமண் குழம்பை அச்சில் வார்ப்பதும், காய்ந்த பொருளின் பிசிறு நீக்கிச் சூளைக்கு அனுப்புவதும் அவர் வேலை. விருத்தாசலத்துப் பீங்கான் எத்தனையோ வீடுகளில் பியூஸ் கட்டையாகவும், தேநீர்க் கோப்பையாகவும், கொலுப் பொம்மையாகவும் இருக்கிறது. அதைச் செய்யும் எங்களுக்கோ இன்றுவரை சொந்த வீடு இல்லை. வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில்தான் நான் பிறந்தேன், அங்கேயே வளர்ந்தேன், அங்கிருந்துதான் நாள்தோறும் கல்லூரிக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனவே வங்கி விண்ணப்பம் முதல் பத்திர நகல் வரை, எழுத்து உள்ள தாள் எது வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும்.

கணக்குப் போட்டுச் சொல்!

அண்ணனின் எட்டாண்டுச் சேமிப்பும், அப்பா கட்டிய சீட்டுப் பணமும் சேர்ந்து, ஊருக்கு வெளியே ஊராட்சி எல்லையில் மூன்று சென்ட் மனை ஒன்றை 6 லட்சம் ரூபாய்க்கு வாங்க வழி செய்தன. இனி வீடு கட்ட வேண்டும். அண்ணன் விடுப்பில் வந்திருந்த ஒரு நாள் இரவு, அப்பா என்னை அழைத்தார்.

“ஏம்ப்பா, நீ கணக்குதானே படிக்கிற? பட்டாளத்துக்காரன் முதல் வீடு கட்டினா வரியில சலுகை உண்டுன்னு டீக்கடையில பேசிக்கிறாங்க. நமக்கு எவ்வளவு வரும்னு போட்டுச் சொல்லேன்” என்றார்.

நானும் பெருமிதத்தோடு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று நான் போட்ட கணக்கை மாணவ நண்பர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

15 லட்சம் ரூபாய்க் கடன்; நூற்றுக்கு எட்டரை வட்டி; 20 ஆண்டுத் தவணை. மாதந்தோறும் கட்ட வேண்டியது ஏறத்தாழ ரூ. 13,017. இருபதாண்டு முடிவில் நாம் கட்டியிருக்கும் மொத்தத் தொகை 31 லட்சத்துக்கும் மேல். முதலாண்டில் கட்டும் 1 லட்சத்து 56 ஆயிரத்தில், 1 லட்சத்து 26 ஆயிரம் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 30 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவே.

இந்த வட்டிக்குத்தான் சலுகை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சொந்தக் குடியிருப்புக்காக வாங்கிய கடனின் வட்டியை ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தந்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, பிரிவு எண்கள் மாறின; ஆயினும் கழிவின் இயல்பு மாறவில்லை. பழைய வரி முறையில் இந்தக் கழிவால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். மேல்வரியை விட்டுவிடுவோம். நூற்றுக்கு 30 வரி கட்டும் உயர் அதிகாரிக்கு ரூ. 37,800 மிச்சமாகும். நூற்றுக்கு 20 கட்டுபவருக்கு ரூ. 25,200. நூற்றுக்கு 5 கட்டுபவருக்கு ரூ. 6,300. வரியே கட்ட வேண்டாத நிலையில் உள்ளவருக்குப் பூச்சியம்.

வீடு ஒன்றுதான், கடன் ஒன்றுதான், வட்டியும் ஒன்றுதான். சலுகை மட்டும் நான்கு விதம்! அதிகம் சம்பாதிப்பவனுக்கு அதிகம், குறைவாகச் சம்பாதிப்பவனுக்குக் குறைவு, ஒன்றுமில்லாதவனுக்கு ஒன்றுமில்லை.

என் அண்ணன் இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறார்? 2016 முதல் செயலுக்கு வந்த ஏழாவது ஊதியக் குழு, சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளத்தை மாதம் ரூ. 21,700 என்றும், படைப்பணிச் சம்பளத்தை ரூ. 5,200 என்றும் வகுத்தது. அகவிலைப்படி முதலியவற்றைக் கூட்டினாலும் ஒரு சிப்பாயின் ஆண்டு வருமானம் 12 லட்சத்தை எட்டாது. 2020-இல் கொண்டுவரப்பட்டு, 2023-24 முதல் பொது முறையாக்கப்பட்ட புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த முறையில் சொந்தக் குடியிருப்பின் கடன் வட்டிக்குக் கழிவும் இல்லை. கழிவு வேண்டுமென்று பழைய முறைக்குப் போனால், இல்லாத வரியை வலியப் போய் வரவழைத்துக்கொண்டு, பிறகு அதில் சிறிது குறைத்துக்கொண்டதாக ஆகும். இது தலைவலியை விலைக்கு வாங்கித் தைலம் தேய்ப்பது போன்றது.

வரி இல்லை என்பது மகிழ்ச்சிக்குரியதே. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் வரிச் சலுகை என்ற பெயரில் முதல் வீட்டுக்கென நாடு ஒதுக்கும் பொருளில், அந்தச் சிப்பாயின் பங்கு பூச்சியம் என்பதை மட்டும் சொல்கிறேன். நோட்டில் பூச்சியத்தைப் போட்டு, அதன் கீழே இரண்டு கோடும் இழுத்து அப்பாவிடம் காட்டினேன். அவர் எழுத்து அறியாதவர். எண் அறிவார். “இதுக்கா இவ்வளவு நேரம் எழுதின?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

கழிவும் வரவும்

அமெரிக்க நாட்டில் இதே காரியத்தை வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். 2008-இல் அங்கு வீட்டுச் சந்தை சரிந்தபோது, முதன்முறை வீடு வாங்குவோருக்கு 7,500 டாலர் வரை தரும் சட்டம் வந்தது. அது 15 ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டிய வட்டியில்லாக் கடன் போன்றது. அடுத்த ஆண்டே, 2009-இல், தொகை 8,000 டாலர் ஆயிற்று. வீட்டைக் குறித்த காலம் வைத்திருந்தால் திருப்பித் தரவும் வேண்டியதில்லை என்று ஆக்கினார்கள்.

கணித மாணவன் என்ற முறையில் இதில் எனக்குப் பிடித்த செய்தி தொகையன்று, முறை. நம்முடையது ‘கழிவு’. வருமானத்திலிருந்து கழிப்பது. அவர்களுடையது ‘வரவு’. கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் குறைப்பது. அதிலும் கட்ட வேண்டிய வரி 3,000 டாலர், வரவு 8,000 டாலர் என்றால் மீதி 5,000 டாலரைக் கையில் கொடுத்துவிடுவது. வரியே இல்லாதவனுக்கு முழுத்தொகையும் கையில் வரும். பூச்சியத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டு என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம் அல்லவா? அந்தப் பாடத்தைச் சட்டத்தில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சலுகை 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் செய்வோருக்கு என்று பொதுமக்களுக்குக் கெடு வைத்தார்கள். ஆனால் 2009 நவம்பரில் வந்த சட்டம் படைவீரர்களுக்குத் தனி விதி வகுத்தது. 2009 தொடக்கத்திலிருந்து 2010 ஏப்ரல் முடிய உள்ள காலத்தில், குறைந்தது 90 நாள் வெளிநாட்டுப் பணியில் இருந்தவர்களுக்குக் கெடு ஓராண்டு நீண்டது. அவர்கள் 2011 ஏப்ரல் 30 வரை ஒப்பந்தம் செய்யலாம். அரசின் ஆணையால் வேறிடம் போக நேர்ந்து வீட்டை விற்றுவிட்டாலும், வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்பதில்லை என்றும் எழுதினார்கள்.

அங்கே எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சிறைக் கைதிகள் பலர் பொய்க் கணக்குக் காட்டி அந்தத் தொகையைப் பெற்றதை, 2010-இல் அந்நாட்டு வரித்துறைத் தணிக்கையே வெளிப்படுத்தியது. அதற்கு முன், 1944-இல் ரூசுவெல்ட் கையொப்பமிட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், போர் முடிந்து திரும்பிய வீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசே பிணை நிற்கும் என்றது. பல லட்சம் வீரர்கள் வீடு பெற்றனர். ஆயின் கறுப்பின வீரர்கள் பலருக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன. பிணை இருந்தும் பயனில்லாமற் போயிற்று. சட்டம் எழுதுவது அச்சில் வார்ப்பது போன்றது. உருவம் வந்துவிடும். சூளையில் வேகாத கோப்பையில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காலம் என்னும் செல்வம்

படைவீரனுக்குப் பணத்தினும் அரிதானது காலம். அவனுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள். தற்செயல் விடுப்பு 30 நாள். முழுதும் கிடைத்தால் 90 நாள். அதில்தான் பயணம், திருமணம், காதுகுத்து, கருமாதி, அம்மாவின் கண் சிகிச்சை எல்லாம்.

நம் நாட்டிலும் முதல் வீடு வாங்குவோருக்குத் தனிச் சலுகைகள் வந்ததுண்டு. 2016-17 நிதியாண்டில் கடன் பெற்றவருக்குக் கூடுதலாக 50,000 ரூபாய்க் கழிவு அளிக்கப்பட்டது. பின்னர், 2019 ஏப்ரல் 1 முதல் 2022 மார்ச் 31 வரை கடன் பெற்றவருக்கு, வீட்டின் மதிப்பு 45 லட்சத்துக்கு மேற்படாதிருந்தால் கூடுதலாக ஒன்றரை லட்சம் ரூபாய் கழிவு அளிக்கப்பட்டது. அந்த மூன்றாண்டுக் கதவு திறந்திருந்த காலம் எது? 2020 சூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்த காலம். லடாக்கின் உறைபனியில் நம் படைகள் குளிர்காலம் முழுதும் நின்ற காலம். மார்ச் 31 வந்ததும் கதவு சாத்தப்பட்டது. ‘எல்லையில் நின்றவனுக்கு இன்னும் ஓராண்டு’ என்ற ஒரு வரி அதில் இல்லை.

கல்வானில் உயிர் நீத்த இருபது பேரில் ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவில்தார் பழனி. பின்னர் அவருக்கு வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. அவர் புதிதாகக் கட்டிய வீட்டின் புதுமனை புகுவிழா அந்த மாதத் தொடக்கத்தில்தான் நடந்தது என்றும், அதற்கு அவரால் வர இயலவில்லை என்றும் அப்போது நாளேடுகளில் செய்தி வந்தது. நான் அப்போது பள்ளி மாணவன். அந்தச் செய்தியை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டியது நான்தான். அன்று முதல் வீடு என்ற பேச்செடுத்தாலே, “முதல்ல அவன் வரட்டும்” என்பார் அம்மா.

இன்னொரு விதியையும் பாருங்கள். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்தாண்டுக்குள் வீட்டைக் கட்டி முடிக்காவிட்டால், வட்டிக் கழிவின் வரம்பு 2 லட்சத்திலிருந்து 30 ஆயிரமாகக் குறையும் என்பது 24-ஆம் பிரிவின் விதி. ஊரில் இருப்பவனுக்கு ஐந்தாண்டு என்பது ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட நாட்கள். சிப்பாய்க்கு அதிகம் போனால் 450 நாட்கள். இருவருக்கும் ஒரே கெடு! சமமான விதி என்பது வேறு. நியாயமான விதி என்பது வேறு.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறேன். அண்ணன் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். படைப்பிரிவிலிருந்து சம்பளச் சான்று வேண்டும் என்றார்கள். அது வந்து சேர்ந்தபோது விடுப்பு முடிந்துவிட்டது. அடுத்த விடுப்பில் போனார். சான்று பழையதாகிவிட்டது, புதிதாக வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டது தவறில்லை. அவர்கள் விதி அப்படி. ஆனால் விருத்தாசலம் சந்திப்பில் வண்டியேறும் ஒவ்வொரு முறையும் அண்ணன் அதே கோப்பை என் கையில் கொடுத்து, “பத்திரமா வைடா” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அது பத்திரமாகத்தான் இருக்கிறது.

மத்தளத்துக்கு இரு பக்கம்

வரிச் சலுகைதான் இல்லை, ஏழைகளுக்கான வீட்டுத் திட்டங்கள் உண்டே என்று கேட்கலாம். கிராமப்புறத்துக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், குடும்பத்தில் ஒருவர் அரசு ஊழியராக இருந்தால் அக்குடும்பம் விலக்கப்படும். சிப்பாயும் அரசு ஊழியரே. நகர்ப்புறத்துக்கான அத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024-இல் தொடங்கியது. அதில் ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள, நாட்டில் எங்கும் நிலையான கட்டட வீடு இல்லாத குடும்பத்துக்கு, கடனின் முதல் 8 லட்சத்துக்கு நூற்றுக்கு 4 வட்டி மானியம் உண்டு. ஐந்து தவணைகளில் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை கிடைக்கும். இது நான் மேலே சொன்ன ‘வரவு’ முறையைச் சேர்ந்தது. வரி கட்டாதவனுக்கும் எட்டும். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது நகரப் பகுதிக்கு உரியது. எங்கள் மனையோ ஊராட்சியில். நகரத்துக்குள் மனை வாங்கும் வசதி இருந்தால் எங்களுக்கு மானியம் எதற்கு?

ஆக, ஏழையின் வீட்டுக்கு அவன் பணக்காரன். பணக்காரனின் சலுகைக்கு அவன் ஏழை. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது இதுதான்.

படைத்துறையே செய்யும் உதவிகளை மறைப்பது நன்றியாகாது. 1976-இல் தொடங்கிய இராணுவக் குழுக் காப்பீட்டுத் திட்டத்தின் நிதியம் வீரர்களுக்கு வீட்டுக் கடன் தருகிறது. 1978-இல் நிறுவப்பட்ட இராணுவ நல வீட்டு வசதி அமைப்பு அடுக்கு வீடுகள் கட்டித் தருகிறது. ஆனால் அவ்வடுக்கு வீடுகள் பெரும்பாலும் பெருநகரங்களில். ஓய்வு பெற்றுத் திரும்பும் சிப்பாய்க்கு வேண்டியது பெருநகரத்தில் ஐந்தாம் மாடியன்று. தாய் தந்தையர் இருக்கும் ஊரில் ஒரு தளம்.

2022 சூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர்களின் நிலை இதனினும் கடினம். அவர்களுக்குப் பணி நான்காண்டு. முடிவில் கால்பங்கினர் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியுடன் வெளியேறுவர். அந்நிதிக்கு வருமான வரி இல்லை என்பது நல்லது. ஆனால் ஓய்வூதியம் இல்லை. நான்காண்டு வேலையைக் காட்டி இருபதாண்டுக் கடன் கேட்டால் எந்த வங்கி தரும்? நம் வகுப்புத் தோழர்கள் சிலர் விடியற்காலையில் இந்தத் தேர்வுக்காக ஓடிப் பழகுவதை நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

ஏன் வீரனுக்கு மட்டும்?

இக்கட்டுரையை என் நண்பன் ஒருவனிடம் காட்டினேன். அவன் கேட்டான்: “உங்க அப்பா சூளை வெக்கையில நிக்கிறாரே, அவர் நாட்டுக்கு உழைக்கலையா? சாக்கடை அள்ளுறவர் உழைக்கலையா? சிப்பாய்க்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?”

நியாயமான கேள்வி. நான் ஓர் இரவு முழுதும் யோசித்தேன். வீரன் மற்றவரினும் உயர்ந்தவன் என்பதால் நான் கேட்கவில்லை. சூளைத் தொழிலாளிக்கும் வீடு வேண்டும். அவர் பெயரில் கேட்க வேறு திட்டங்கள் உண்டு, அவை இன்னும் விரிய வேண்டும். ஆனால் வீரனின் நிலையில் ஒரு தனித்தன்மை உண்டு. எங்கே வாழ்வது என்பதை அவன் முடிவு செய்வதில்லை. நாடு முடிவு செய்கிறது. மனை பார்க்கவும், கொத்தனாரோடு பேசவும், பத்திரத்தில் கையொப்பமிடவும் உரிய நாட்களை நாடு அவனிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தருவதற்குப் பெயர் சலுகையன்று, கடன் தீர்ப்பது.

இது நமக்குப் புதிய எண்ணமும் அன்று. நம் வட மாவட்டங்களில், செங்கம் வட்டாரத்தில், நடுகற்கள் நிறைய நிற்கின்றன. ஆநிரை மீட்கவும் ஊரைக் காக்கவும் உயிர் கொடுத்த வீரனுக்கு அக்காலத்தார் கல் மட்டும் நடவில்லை. அவன் குடும்பத்துக்கு நிலமும் விட்டார்கள். ‘நெய்த்தோர்ப்பட்டி’ என்றும் ‘உதிரப்பட்டி’ என்றும் கல்வெட்டுகள் அந்நிலத்தைக் குறிக்கின்றன. நெய்த்தோர் என்றால் குருதி. குருதிக்கு ஈடாகக் கொடுத்த நிலம் என்பது பொருள். ஆனால் அது வீரன் இறந்த பின் கொடுத்தது. உயிரோடு இருக்கும்போதே, அவன் கையால் வாசற்படி வைக்கும்படி கொடுப்பது இன்னும் சிறந்ததல்லவா?

என்ன செய்யலாம்?

பெரிய அறிஞர்கள் முடிவு செய்ய வேண்டியதை இருபது வயது மாணவன் சொல்வது மிகை என்று ஆசிரியப் பெருமக்கள் கருதலாம். ஆயினும் மூன்று கருத்துகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, முதல் வீட்டுக்கான வரிக் கழிவை, படைவீரர்களைப் பொறுத்தவரையேனும் வரவாக மாற்ற வேண்டும். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே தொகை; வாழ்நாளில் ஒரே முறை; வரி இல்லையெனில் அது கடன் கணக்கில் நேராக வரவு வைக்கப்பட வேண்டும். வீரனின் சம்பளமும் பணியிடமும் அரசின் ஏட்டிலேயே இருப்பதால், அமெரிக்காவில் நடந்தது போன்ற பொய்க் கணக்குக்கு இங்கே இடம் குறைவு.

இரண்டாவது, கெடு வைக்கும் எந்த வீட்டுத் திட்டத்திலும், வீரன் எல்லைப் பணியில் இருந்த நாட்களைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். இதற்கு அரசுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு வரி போதும்.

மூன்றாவது, நம் மாநில அரசு செய்யக்கூடியது. தமிழ்நாட்டில் மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. எங்கள் 6 லட்ச ரூபாய் மனைக்கு இது ரூ. 54,000. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறையும். நல்ல திட்டம். எனவே மனையை அம்மா பெயரில் பதிந்தோம், ரூ. 6,000 மிச்சமாயிற்று. பிறகுதான் தெரிந்தது, வட்டிக் கழிவு கேட்பவர் வீட்டின் உரிமையாளராகவும் இருக்க வேண்டும் என்று. கடன் கட்டப்போவது அண்ணன்; உரிமை அம்மாவுக்கு. எங்களுக்கு அதனால் நட்டமில்லை. பூச்சியத்தில் எதை இழப்பது? ஆனால் ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை தட்டிவிடுவது திட்டமாகாது. படைவீரன் தன் பெயரிலோ, தாய் அல்லது மனைவி பெயரிலோ வாங்கும் முதல் மனைக்குப் பதிவுக் கட்டணத்தை ஒரே ஒருமுறை முழுதும் நீக்கினால் என்ன? பெண்களுக்குக் காட்டிய வழியை வீரர்களுக்கும் காட்டலாம்.

நம் கல்லூரி எந்தத் தெய்வத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தக் கொளஞ்சியப்பர் சந்நிதியில் மக்கள் தங்கள் குறைகளைத் தாளில் எழுதிப் பிராது கட்டுவதை நாமெல்லாம் அறிவோம். குறை தீர்ந்ததும் வந்து பிராதை முடித்துக்கொள்வார்கள். அண்ணன் இரண்டாம் முறை வங்கியிலிருந்து திரும்பிய வாரம், அம்மா என்னை மணவாளநல்லூருக்கு அழைத்துச் சென்றார். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடன் கிடைக்க வேண்டும் என்று எழுதச் சொல்வார் என்று நினைத்தேன். “வீட்டுக்கு நிலை வைக்கிற அன்னிக்கி அவன் இங்க இருக்கணும்னு எழுதுப்பா” என்றார்.

அதை அப்படியே எழுதிக் கட்டிவிட்டு வந்தோம். அந்தப் பிராது தெய்வத்துக்கு. இந்தப் பிராது, நாளை அதிகாரிகளாகவும் சட்டமியற்றுவோராகவும் வங்கி மேலாளர்களாகவும் அமரப்போகும் என் சக மாணவர்களாகிய உங்களுக்கு.